கள்ளுக்காக ஒரு பயணம்: மரத்தடிக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாள் போன வருடம் நயாகராப் பக்கம் வைன் சுவைக்கப் போய்வந்தாள். வரிசையாக நான்கு கிளாஸ்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மிடறு, பக்கத்தில் ஒரு சின்ன அட்டை. எந்தத் தோட்டத்துத் திராட்சை, எந்த வருடம் பிழிந்தது என்று அதில் எழுதியிருந்தது. படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு இரவு அழைத்தாள்.

“எடியே, எங்கட ஊரில கள்ளுக்கு இப்பிடி ஒண்டும் இல்லையோ? நான் ஆடியில வாறன். நீதானே ஊர் முழுக்கத் திரியிறாய். ஒரு நாளைக்கு ரூர் மாதிரிப் போட்டுத் தாவன்.”

சிரித்துக்கொண்டே சரி என்றேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்ற யோசனை வந்தது. எங்கள் வீட்டில் கள் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெரியப்பா 2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்து முகாமுக்கு வந்தார், முகாமில் இருந்து ஊருக்கு வந்தார், பிறகு குடியில் இருந்து மட்டும் வெளியே வரவில்லை. அவர் குடித்தது பெரும்பாலும் கசிப்பும் மலிவுச் சாராயமும்தான். அம்மாவுக்கு அந்த வேறுபாடெல்லாம் கிடையாது. போத்தலுக்குள் இருப்பது எல்லாம் அவருக்கு ஒன்று.

அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் குடியால் அடிபட்டவர்களும் குடியை விட முயல்பவர்களும் இந்தப் பயணத்தைப் போட வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. அது கருப்பணி. அதற்குப் பிறகு வருகிறேன்.

இது ஒருமுறை பிழையாகவும் மறுமுறை ஓரளவு சரியாகவும் போட்டுப் பார்த்த ஒரு பயணத்தின் விவரம்.

முதல் முறை செய்த பிழை

முதல் முறை நான் மச்சாளின் நயாகராப் பயணத்தை அப்படியே கொப்பி அடித்தேன். ஒரு கொப்பியில் நாலைந்து தவறணைகளின் பெயரை எழுதிக்கொண்டு, தெரிந்த தம்பி ஒருவரின் ஓட்டோவைப் பிடித்து, காலை பத்து மணிக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறை வீதியால் வெளிக்கிட்டோம். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் வாங்கிச் சுவைத்து, குறிப்பு எழுதி, வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது என் திட்டம்.

வேறுபாடு ஒன்றும் இருக்கவில்லை. எல்லாம் புளிப்பு. ஓரிடத்தில் கொஞ்சம் கூடுதலான புளிப்பு, இன்னோரிடத்தில் கொஞ்சம் தண்ணீர்த்தன்மை. மூன்றாவது இடத்தில் நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்த ஓட்டோத் தம்பி சொன்னார்: “அக்கா, கள்ளு விடிய ஆறு மணிக்கு இறங்கினது. நீங்கள் பதினொரு மணிக்கு வந்து அதைக் குறை சொல்லுறியள்.”

அவர் சொன்னதுதான் இந்த முழுக் கட்டுரையின் சாரம். வைனுக்குப் போகிறவர் இடத்தைத் தேடிப் போகிறார். எந்த மலைச்சரிவு, எந்த மண், எந்த வருடத்து வெயில் என்பதை வைத்துச் சுவை மாறுகிறது. போத்தலில் அடைத்த பிறகு அது வருடக்கணக்கில் காத்திருக்கும். நயாகராவில் ஐஸ்வைன் என்று ஒன்று செய்கிறார்கள். திராட்சை கொடியிலேயே உறைய வேண்டும், குளிர் குறைந்தது மறை 8 பாகை செல்சியசுக்கு இறங்க வேண்டும், அதன் பிறகே பறித்துப் பிழிவார்கள். அவ்வளவு பொறுமையான பானம் அது. கள்ளுக்குப் பொறுமையே கிடையாது. காலையில் இனிப்பாக இருந்தது மத்தியானம் காரம் ஏறி, பின்னேரம் புளித்து, அடுத்த நாள் வினாகிரிப் பக்கம் போய்விடும். கள்ளுக்குப் போகிறவர் ஐந்து ஊருக்குப் போகத் தேவையில்லை. ஒரு மரத்தடியில், ஒரு போத்தலோடு, ஐந்து வேறு நேரத்தில் இருந்தால் போதும்.

ஏன் இப்படி என்று கொஞ்சம் விளக்க வேண்டும். பாளையின் சீவிய நுனியில் இருந்து சொட்டும் சாறு சீனிக்கரைசல்தான். அது முட்டிக்குள் விழுந்த கணமே காற்றிலும் முட்டியின் சுவரிலும் இருக்கும் மதுவமும் பக்டீரியாக்களும் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. மதுவம் சீனியை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றும். அதனால்தான் நுரை. பக்டீரியா ஒரு பகுதியை அமிலமாக மாற்றும். அதனால்தான் புளிப்பும் அந்த வெண்மையும். சில மணித்தியாலத்திலேயே அற்ககோல் நான்கு, ஐந்து வீதத்துக்கு ஏறிவிடும், ஏறத்தாழ ஒரு பியரின் அளவு. மேலும் விட்டுவைத்தால் காற்றோடு சேர்ந்து அற்ககோல் அசற்றிக் அமிலமாகும். அதுதான் வினாகிரி.

இதில் யாரும் மதுவம் சேர்ப்பதில்லை. நேற்றைய கள்ளின் மிச்சம் முட்டியின் மண்சுவரில் ஊறியிருக்கிறதே, அதுவே இன்றைக்கு உறை. பாலுக்கு மோர் ஊற்றுவதுபோல. நன்றாகக் கழுவிக் காயவைத்த முட்டியில் இறங்கும் கள் மெதுவாகப் புளிக்கும், பழைய முட்டியில் வேகமாகப் புளிக்கும். முட்டியின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசிவிட்டால் அதன் காரத்தன்மையில் மதுவம் அடங்கிவிடும். அப்போது இறங்குவது கள் இல்லை, கருப்பணி. தமிழ்நாட்டில் பதநீர் என்பார்கள். பிள்ளைகளும் குடிக்கலாம், காய்ச்சினால் பனங்கட்டி. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்த தலைமுறைக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஆக, ஒரே மரம், ஒரே பாளை. சுண்ணாம்பு இருந்தால் ஒரு பானம், இல்லாவிட்டால் இன்னொன்று. அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் “கருப்பணி கிடைச்சாக் கொஞ்சம் கொண்டு வா” என்றார்.

எந்த மாதம்

இங்கேதான் புலம்பெயர்ந்தவர்களுக்குச் சிக்கல். பனங்கள்ளின் காலம் ஏறத்தாழத் தை, மாசியில் தொடங்குகிறது. ஆண்பனை முந்தும், பெண்பனை பிந்தும். பங்குனி, சித்திரை, வைகாசிதான் நல்ல காலம். ஆடி, ஆவணியில் வடிவது குறைந்துவிடும். வெளிநாட்டில் பள்ளிக்கூட விடுமுறை வருவதோ சரியாக அந்த ஆடி, ஆவணியில். போதாக்குறைக்கு நல்லூர்க் கொடியேற்றமும் அந்த நாட்களில்தான். இருபத்தைந்து நாள் திருவிழா முடியும்வரை பல வீடுகளில் மச்சமே ஏறாது, கள்ளைப் பற்றி யார் பேசுவது?

மச்சாளுக்கு இதைச் சொன்னேன். “அப்ப நான் சித்திரையில லீவு எடுக்கிறதோ?” என்று கேட்டாள். முடிந்தால் அதுதான் நல்லது. முடியாவிட்டால் ஆடியின் முற்பகுதியில், கொடியேறுவதற்கு முன்னர் வந்தால், கடைசிப் பெண்பனைகள் ஒன்றிரண்டு அகப்படக்கூடும். அதுவும் இல்லையென்றால் தென்னங்கள். அது வருடம் முழுவதும் இருக்கும். பனங்கள்ளைவிட மென்மையானது, மணம் குறைவு. தெற்கில் களுத்துறைப் பக்கம் தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி, அதன்மேல் நடந்து இறக்குவது இதே தென்னங்கள்ளைத்தான். மலைநாட்டில் கித்துள். பனங்கள்ளுக்கு வடக்குத்தான்.

இன்னொரு சின்னக் கணக்கு: போயா தினத்தில் மதுக்கடைகள் மூடியிருக்கும். நாட்காட்டியைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். மழை பெய்த மறுநாளும் வேண்டாம். மரம் வழுக்கும், முட்டிக்குள் தண்ணீர் விழுந்திருக்கும்.

யார் ஏறுகிறார்

இரண்டாம் முறை தவறணைப் பட்டியலைக் கைவிட்டேன். பதிலாகப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வாசலில் போய் நின்று, மரம் ஏறுவதைப் பார்க்க அனுமதிப்பார்களா என்று கேட்டேன். வடக்கில் கள் இறக்கும் தொழிலாளர்கள் இந்தச் சங்கங்களில்தான் உறுப்பினர். இறக்கிய கள்ளைச் சங்கத்துக்கு அளப்பார்கள், சங்கம் தவறணையில் விற்கும், மிஞ்சியதைப் போத்தலில் அடைக்கும் அல்லது வடிசாலைக்கு அனுப்பும். எழுபதுகளில் இந்தச் சங்கங்கள் வருவதற்கு முன்னர் தவறணைக் குத்தகை எடுத்தவர்களின் கையில்தான் எல்லாம் இருந்தது, ஏறுகிறவருக்குக் கிடைத்தது கூலி என்று பழையவர்கள் சொல்வார்கள்.

சங்கத்தில் ஒருவரைக் கைகாட்டினார்கள். அறுபது தாண்டிய ஓர் அண்ணை. வடமராட்சி. தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வி: “பிள்ளை, அஞ்சரைக்கு நிப்பீங்களோ?”

நின்றேன். அவர் இடுப்பில் கத்திக்கூடு, அதற்குள் பாளைக்கத்தி, தோளில் முட்டி. காலில் தளைநாரை மாட்டி, மரத்தை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டு ஏறினார். அறுபது அடிக்குக் குறையாத பனை. மேலே போய் நேற்றைய முட்டியைக் கழற்றி, பாளையின் நுனியை ஒரு கடதாசித் தடிப்புக்குச் சீவி, புது முட்டியைக் கட்டிவிட்டு இறங்க நான் எதிர்பார்த்ததைவிடக் குறைந்த நேரமே எடுத்தது. ஆனால் இதைப் பின்னேரமும் செய்ய வேண்டும். நாளைக்கும் செய்ய வேண்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைபட்டுவிடும், பாளை வீண். முதல் சொட்டு விழுவதற்கே பல நாட்கள் பாளையைக் கட்டி, நசித்து, தட்டிப் பக்குவப்படுத்த வேண்டும். அதனால் கள் காலத்தில் இவர்களுக்கு விடுமுறை என்று ஒன்று இல்லை. செத்தவீட்டுக்குப் போவதென்றாலும் மரம் ஏறிவிட்டுத்தான்.

“எண்பத்தேழில லிபரேசன் ஒப்பரேசன் தொடங்கினது வைகாசி கடைசியில,” என்றார். “நல்லாய் வடியிற காலம். ஷெல் விழ விழ ஓடினம். எட்டு மரத்தில முட்டி நிண்டது. திரும்பி வந்து பாத்தா ரெண்டு மரத்துக்குத் தலை இல்லை. மிச்சத்தில ஏறினா முட்டிக்குள்ள எறும்பும் ஈயும், வினாகிரி மணமும்.”

பனை நம் போரை எப்படித் தாங்கியது என்று இங்கே நீட்டி எழுத வேண்டியதில்லை. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் எத்தனை மரம் விழுந்தது என்பதை இதை வாசிக்கும் பலர் கண்ணால் கண்டவர்கள். பயணம் போடுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று. பளை, முகமாலைப் பக்கம் அழகான பனங்கூடல்களைக் கண்டு வாகனத்தை நிறுத்தி உள்ளே நடக்க வேண்டாம். முகமாலை இலங்கையின் மிகப்பெரிய கண்ணிவெடிப் பரப்புகளில் ஒன்றாக இருந்தது. அகற்றும் வேலை பல வருடங்கள் நடந்தது. ஊர் ஆட்களிடம் கேட்காமல் வீதியை விட்டு இறங்காதீர்கள்.

அண்ணையின் மகன் கட்டாரில். மரம் ஏறப் பழகவில்லை, பழக்கவும் இல்லை. “விழுந்தா யார் பாக்கிறது?” என்பது மட்டுமல்ல காரணம். இந்தத் தொழிலுக்கு ஒரு சாதிப் பெயர் ஒட்டியிருக்கிறது, மகனுக்கு அந்தப் பெயர் வேண்டாம். அண்ணை சின்ன வயதில் வீடுகளுக்குக் கள் கொண்டுபோவார். கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அவர் இறக்கிய கள்ளை வாங்கிக் குடிப்பார்கள், அவருக்குத் தண்ணீர் தேவையென்றால் கிணற்றில் அள்ள விடமாட்டார்கள், கையில்தான் ஊற்றுவார்கள். 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும், அந்தக் காலத்துத் தேநீர்க்கடைகளிலும் நடந்த போராட்டங்கள் இதை எதிர்த்துத்தான். அதற்குப் பிறகு வந்த பெரிய போர் இதை மறைத்தது, இல்லாமல் ஆக்கவில்லை.

அதனால் பயணம் போடுகிறவர்களுக்கு, முக்கியமாக நாற்பது வருடத்துக்கு முன்னர் வெளிக்கிட்டுப் போன பெரியவர்களுக்கு, ஒரு வேண்டுகோள். மரம் ஏறுகிறவரைப் பழைய பழக்கத்தில் ஒருமையில் கூப்பிடாதீர்கள். ‘சீவல் தொழிலாளி’ என்ற சொல் இருக்கிறது, அண்ணை என்ற சொல்லும் இருக்கிறது. கதிரை தந்தால் இருங்கள், தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். அவரைப் படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். நான் ஊடகக் கற்கைகள் படித்தபோது சம்மதம் என்ற பாடத்துக்கு மூன்று மணித்தியாலப் பரீட்சை எழுதினேன். ஆனாலும் அன்று காலை அவர் பாதி மரத்தில் இருந்தபோதுதான் கேட்காமலே கமராவைத் தூக்கியது ஞாபகம் வந்தது. கீழே இறங்கியதும் மன்னிப்புக் கேட்டேன். “எடுங்கோ பிள்ளை, முகம் வராமல் எடுங்கோ,” என்றார். அந்தப் படங்களை இங்கே போடவில்லை.

நயாகராவில் சுவைப்பதற்கே கட்டணம் வாங்குகிறார்கள். அண்ணையின் காலை நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. கள்ளின் விலையோடு அதைக் குழப்பாமல், போவதற்கு முன்னரே பேசித் தனியாகக் கொடுங்கள்.

சட்டமும் நானும்

கள் இறக்குவதற்கும் விற்பதற்கும் மதுவரிச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். அந்தக் கட்டளைச் சட்டம் 1912 இல் இருந்து வருகிறது. யாரோ வேலிக்குப் பின்னால் பிளாஸ்டிக் கானில் தருவதை வாங்கினால் அது சட்டப்படி பிழை என்பதோடு, அதற்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. சீனியும் ஈஸ்டும் தண்ணீரும் கலந்து கள் என்று விற்பது புதிய விடயம் அல்ல. கசிப்பு வந்தால் எழும்பி வந்துவிடுங்கள். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது. வெளிநாட்டில் பதினெட்டு, பத்தொன்பதில் குடிக்கலாம் என்பது இங்கே செல்லாது.

எனக்கு வேறொரு சட்டம். மதுச்சாலை வளவுக்குள் பெண்ணுக்கு மது விற்கவோ கொடுக்கவோ கூடாது என்று 1979 இல் ஓர் அறிவித்தல் வந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர அதை நீக்கினார். ஒரு கிழமைகூடச் செல்லவில்லை, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தையே மீளப்பெறச் செய்தார். கொழும்பு ஹோட்டல்களில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. தவறணையில் சட்டமே தேவையில்லை, பார்வையே போதும். நான் வெளியே ஓட்டோவுக்குள் இருந்தேன். தம்பி உள்ளே போய்ச் சங்கத்துக் கள்ளு இரண்டு போத்தல் வாங்கி வந்தார். அண்ணையின் வீட்டு முற்றத்தில், அவரின் மனைவி பனையோலையில் கோலித் தந்த பிளாவில்தான் குடித்தேன். அக்கா தானும் ஒரு மிடறு குடித்துவிட்டு, “உள்ளுக்குப் போய்க் குடிச்சிருந்தா இந்தப் பிளா கிடைச்சிராது,” என்றார்.

அந்த ஒரு நாள்

சரி, இதுதான் நாள். முதலில் வண்டி. சாரதி அன்றைக்குக் குடிக்காதவராக இருக்க வேண்டும், நீங்கள் ஓடவே கூடாது. யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறை முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல், விடிய நாலரைக்கு வெளிக்கிட்டால் சரி. வெறும் வயிற்றோடு போகாதீர்கள், ஒரு துண்டு பாணாவது சாப்பிடுங்கள்.

ஐந்தரைக்கு மரம் ஏறுவதைப் பார்ப்பது. முந்தைய நாளே சொல்லி வைத்திருந்தால் ஒரு முட்டிக்குச் சுண்ணாம்பு பூசி வைத்திருப்பார், ஆறு மணிக்கு முதல் சுவை கருப்பணி. தெளிவாக, இளநீரைவிடத் தடிப்பாக, நாக்கின் நுனியில் ஒரு சின்னச் சுண்ணாம்பு உறைப்போடு இருக்கும். பிறகு அதே காலையில் இறங்கிய உடன் கள், பால் நிறத்தில், இனிப்பும் லேசான நுரையும். இரவு முழுக்க முட்டியில் கிடந்ததால் அதற்குள் ஏற்கெனவே கொஞ்சம் வெறி ஏறியிருக்கும், இனிப்பை நம்பி மடக்கென்று குடித்துவிடாதீர்கள். கால் பிளா போதும். பனங்கள்ளுக்கு ஒரு மணம் உண்டு. முதன்முறை குடிக்கிறவர்கள் முட்டை மணம் என்பார்கள். இரண்டாவது மிடறில் அது போய்விடும்.

பிறகு தவறணை திறந்ததும் வாங்கிய ஒரு போத்தலை நிழலில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். இங்கேதான் என் அனுபவம் பேசுகிறது. மூடியை இறுக்காதீர்கள். கள் போத்தலுக்குள்ளும் புளித்துக்கொண்டே இருக்கும், காபனீரொட்சைட்டு வெளியேற வழி வேண்டும். நான் இறுக்கி மூடி என் பைக்குள் வைத்தேன். நெல்லியடிச் சந்தி தாண்ட, வெடிச்சத்தம். ஓட்டோத் தம்பி பிரேக்கை அமத்தி, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். அவருக்கு 2009 இல் பதினொரு வயது. என்ன நடந்தது என்று விளங்கியதும் இருவரும் சிரித்தோம். ஆனால் அவரின் கை நடுங்கியது நிற்கச் சில நிமிடம் எடுத்தது. என் குறிப்புக் கொப்பி இன்னமும் கள் மணக்கிறது.

பதினொரு மணிக்கு அதே போத்தலில் இருந்து அடுத்த சுவை. இனிப்புப் போய், காரமும் புளிப்பும் சமமாக நிற்கும் நேரம். பழக்கப்பட்டவர்கள் இதைத்தான் கள் என்பார்கள். சாப்பாட்டோடு சேர்வதும் இதுதான். கணவாய்க் கறி, பொரித்த மீன், உறைப்பாக எது இருந்தாலும். அக்கா ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தார், அதைக் குடித்த பிறகு கள்ளுக்கு இடமே இருக்கவில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு அண்ணை மறுபடி ஏறுவார். பகல் வெயிலில் கிடந்த முட்டியில் என்ன இறங்குகிறது என்று பார்த்து, காலைப் போத்தலின் மிச்சத்தோடு ஒத்துப் பாருங்கள். மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோய் வாய்க்குத் துணி கட்டிச் சில கிழமைகள் விட்டால் சமையலுக்கு வினாகிரி.

நடுவில் இருக்கும் வெறும் நேரத்துக்கு இரண்டு விடயம். திக்கம் வடிசாலை வடமராட்சியில்தான், பனஞ்சாராயத்துக்குப் பெயர்போன இடம். உள்ளே பார்க்க முடியுமா என்பதைச் சங்கத்தில் முன்கூட்டியே கேளுங்கள். சாராயத்தை அன்றைய சுவைகளோடு சேர்க்காதீர்கள், நாக்கு மரத்துப்போகும், நாளும் கெட்டுவிடும்.

மற்றது, நிஜமாகவே வைன்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. வலிகாமத்தின் செம்மண்ணில் திராட்சை விளைகிறது, ‘இஸ்ரேல் புளூ’ என்ற கறுத்த இனம். யாழ் நகரில் கொழும்புத்துறை வீதியில் உள்ள செபமாலைக் கன்னியர் மடத்தில் கறுவா, கராம்பு மணக்கும் ‘ரொசெற்றோ’ என்ற இனிப்பு வைனும் நெல்லிரசமும் விற்பார்கள். வசாவிளான் பக்கம் தோலகட்டியில் 1928 இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைதாசர் ஆச்சிரமத்தின் வைனும் பெயர்போனது. 1990 இல் சனம் இடம்பெயர்ந்த பிறகு அந்தப் பகுதி பல வருடம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. அங்கே போகிறவர்கள் வைனைவிட, வழியில் இருக்கும் கூரையில்லாத வீடுகளைத்தான் கூடுதலாக நினைவில் வைத்திருக்கிறார்கள். பெண்கள் பிரச்சினை இல்லாமல் வாங்கக்கூடிய இடம் கன்னியர் மடம் என்பதையும் ஒரு பகிடியாகச் சொல்லி வைக்கிறேன்.

ஒரு நாளில் மொத்தமாக நான் குடித்தது இரண்டு கிளாசுக்கு மேல் வராது. மச்சாளுக்கு அந்த அளவையும் எழுதி அனுப்பினேன்.

அவள் ஆடி இரண்டாம் கிழமைக்கு ரிக்கற் போட்டுவிட்டாள். அண்ணைக்கு அழைத்துச் சொன்னேன். ஒரு பெண்பனையை அதற்காகப் பிந்திக் கட்டுவதாகச் சொன்னார், வடியும் என்று சத்தியம் பண்ண மாட்டாராம். தளைநார் தேய்ந்துவிட்டது, அதற்குள் புதுசு ஒன்று பின்ன வேண்டும் என்றார். வைப்பதற்கு முன்னர் கேட்டார்: “அவ அஞ்சரைக்கு எழும்புவாவோ?”

அம்மாவுக்குக் கொண்டுவந்த கருப்பணியை அன்று இரவே குடிக்கவில்லை. அடுத்த நாள் காலை பார்த்தேன், போத்தல் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது.